உச்சிக்கு எட்டாத கை

முகத்தைக் காட்டினால் மாஸ்டருக்கு ஆள் தெரியாது. திரும்பி நின்று பின்கழுத்தைக் காட்ட வேண்டும். கடைவீதியில் எதிரே வந்து வணக்கம் சொன்னால், யாரடா இது என்று விழிப்பார். ஆள் கடந்துபோன பிறகு ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, "அட, நம்ம தபால்காரர். இடது காதுக்குக் கீழ சுழி. முடி இப்படி வளர்ந்து கிடக்கே, கடைப்பக்கம் வரக்கூடாதா" என்று பின்னாலிருந்து குரல் கொடுப்பார். மகளைக் கட்டிக்கொடுத்த சம்பந்தியே ஒருமுறை முன்னால் வந்து நின்று சிரித்து, இவர் பேசாமல் போய், பெரிய மனத்தாங்கல் ஆகிவிட்டது. "முன்பக்கமா வந்தா நான் என்ன பண்றது சார்? நான் பழகுறதெல்லாம் பின்பக்கத்தோடதான்" என்பது அவர் தரப்பு.

கண்ணாடியில் முகம் தெரியுமே என்று கேட்டேன். அதற்கும் பதில் வைத்திருந்தார்.

"அது இடவலம் மாறின முகம் சார். வெளியில வந்தா எல்லாரும் வேற ஆளா இருக்காங்க."

கடை சின்னது. மிதித்தால் ஏறி இறங்கும் நாற்காலி ஒன்று, சுவரை அடைத்த கண்ணாடி, படிகாரக் கல், தண்ணீர் தெளிக்கும் புட்டி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. எனக்கு வெட்ட வேண்டிய முடி காதோரத்தில் மட்டும்தான். உச்சியில் எப்போதோ வறட்சி வந்துவிட்டது. ஆனாலும் வாரத்தில் பாதி நாள் அந்த பெஞ்சில்தான் இருப்பேன். பத்திரிகைக்கு எழுதிப் பிழைப்பவனுக்கு ஊர்ச்செய்தி வேண்டும். எங்கள் தெருவில் எந்தச் செய்தியும் முதலில் மாஸ்டர் காதுக்கு வரும், பிறகுதான் நடக்கும்.

கடையை வைத்தவர் மாஸ்டரின் அண்ணன். கண்ணாடிக்கு மேலே எட்டிப் பிடிக்கிற உயரத்துப் பலகையில் அண்ணன் வாங்கிய வானொலிப் பெட்டி இன்னும் பாடுகிறது. மூலையில் அண்ணன் கடைசியாக உட்கார்ந்திருந்த சக்கர நாற்காலி நிற்கிறது. அதன்மேல் துவைத்த துண்டுகளை அடுக்கியிருப்பார். அண்ணனுக்குத் தசை கரைகிற நோய். முதலில் கை தூக்க முடியவில்லை, பிறகு படி ஏற முடியவில்லை, பிறகு அந்த நாற்காலி. கெண்டைக்கால் மட்டும் ஓட்டப்பந்தயக்காரனுடையதுபோலப் பருத்து நின்றதாம், உள்ளே சக்தியில்லாமல். காலையில் தூக்கி உட்கார வைத்ததும் இரவில் தூக்கிப் படுக்க வைத்ததும் மாஸ்டர்தான். "ஆள் நல்ல கனம் சார். ஆனா என் கைக்குக் கனம் தெரியாது" என்பார்.

தெருவுக்கு அந்தப் பக்கம் இன்னொரு முடிதிருத்தும் கடை உண்டு. அதை நடத்துகிறவருக்கும் பெயர் இருக்கிறது. மாஸ்டர் சொல்ல மாட்டார். அவருக்கு அந்த ஆள் 'எதிர்க்கடை'. "எதிர்க்கடை குடை பிடிச்சுட்டுப் போகுது", "எதிர்க்கடைக்கு இருமல்" என்று அஃறிணையில்தான் பேச்சு. எதிர்க்கடை ஒரு காலத்தில் இங்கே அண்ணனிடம் தொழில் கற்றவர். அண்ணன் நாற்காலியில் விழுந்த வருடம் விலகிப்போய் எதிரில் கடை போட்டார். அன்றைக்கு நின்ற பேச்சு நின்றதுதான்.

பேச்சுதான் நின்றது, முடிவெட்டு நிற்கவில்லை. தன் தலையைத் தானே வெட்டிக்கொள்ள எந்த மாஸ்டராலும் முடியாது. அலங்கோலத் தலையோடு கத்தரி பிடிக்கிறவன் தொழிலுக்கே அவமானம் என்பது அண்ணன் போட்ட சட்டம். ஆகவே ஒரு மாதம், விடுமுறை நாளில், எதிர்க்கடை இங்கே வந்து உட்காருவார். அடுத்த மாதம் மாஸ்டர் அங்கே போய் உட்காருவார். கத்தரிச் சத்தம் மட்டும் கேட்கும். தலையைச் சாய்க்க வேண்டுமானால் விரலால் தள்ளுவார்கள், முடிந்தது என்பதற்குத் துண்டை உதறுவார்கள். "அது மூஞ்சில முழிக்க மாட்டேன். கைய மட்டும் நம்புவேன்" என்றார் மாஸ்டர். மூஞ்சியில் முழிக்காமல் சவரம் செய்வது எப்படி என்று கேட்கலாம் என்று நினைத்தேன், கேட்கவில்லை. கையில் கத்தி இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்பு மாஸ்டருக்குக் குளிர ஆரம்பித்தது. சித்திரை வெயிலில் மின்விசிறியை அணைத்துவிட்டுக் கத்தரியை எடுப்பார். போர்வைத் துணிக்குள் நாங்கள் வேர்த்து வழிந்தோம். கேட்டால், "காத்துல முடி பறக்குது சார்" என்பார். இத்தனை வருடம் பறக்காத முடி.

பிறகு பேச்சு மெதுவானது. குரல் கரகரத்தது. முன்பெல்லாம் ஒரு சவரத்துக்குள் தெருவின் இரண்டு சண்டைகளைத் தொடக்கம் முதல் சமாதானம் வரை சொல்லிவிடுவார். இப்போது ஒரு சண்டைக்கே இரண்டு முடிவெட்டு தேவைப்பட்டது. மிச்சக் கதையைக் கேட்க, வெட்ட முடியில்லாதவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். முகம் கொஞ்சம் ஊதியது. புஷ்டியாகிவிட்டார் என்று சொன்னோம். தோளும் காலும்கூடப் பெருத்தமாதிரி இருந்தது. "ஜிம்முக்குப் போறீங்களா மாஸ்டர்" என்று ஒருவர் கேட்டார். மாஸ்டர் சிரிக்கவில்லை.

நாற்காலிமேல் பழி விழுந்தது அதற்குப் பிறகுதான். நாற்காலி சரியாக இறங்குவதில்லை என்றார். பழுது பார்ப்பவர் வந்து எண்ணெய் விட்டுத் தரைமட்டத்துக்கு இறக்கிக் காட்டினார். போதாது, இன்னும் இறங்க வேண்டும் என்றார் மாஸ்டர்.

"இதுக்கு மேல இறங்கணும்னா தரையைத்தான் தோண்டணும் மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

நாங்கள் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து முடி வெட்டிக்கொண்டோம். அடுத்து கத்தரி மொண்ணை என்றார். சாணை பிடிக்க அனுப்பினார், திரும்ப அனுப்பினார். வெட்டும்போது இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்தார். சிலசமயம் முழங்கையை வாடிக்கையாளர் தோள்மீதே ஊன்றிக்கொண்டார். நட்பு கூடிவிட்டது என்று அவர்கள் நினைத்தார்கள். என்னைக் கண்டால் மட்டும் முகம் மலரும். எனக்கு உச்சியில் வேலை இல்லை அல்லவா? "நீங்க வந்து உக்காந்தாத்தான் சார் எனக்கு ஓய்வு" என்பார். என் வழுக்கையை இவ்வளவு மனப்பூர்வமாகப் பாராட்டியவர் வேறு யாருமில்லை.

வானொலி ஒரே நிலையத்தில் நின்றுவிட்டது. நாள் முழுக்கக் கால்நடை வளர்ப்பு. மாட்டுக்கு மடி வீக்கம் வந்தால் என்ன செய்வது என்று எங்கள் தெருவில் மாடே இல்லாதவர்கள் எல்லாம் தெரிந்துகொண்டோம். பாட்டு வையுங்கள் என்று கெஞ்சினால், "நல்லாத்தானே பேசுறாங்க, கேளுங்க" என்பார். நாங்களே எழுந்து திருகப் போனால், அண்ணன் பெட்டியை யாரும் தொடக்கூடாது என்பார்.

இதற்குள் தெருவில் ஒரு விசித்திரம் நடந்தது. மாஸ்டரிடம் வெட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் பக்கவாட்டில் ஒட்ட வெட்டி, உச்சியில் மட்டும் காடு வளர்த்துக்கொண்டு நடமாடினார்கள். நடுவயதுக்காரர்கள் தொப்பி தேடினார்கள். கல்லூரி மாணவர்களோ சொக்கிப்போனார்கள். அடுத்த தெருவிலிருந்தும் வந்து, "அதே மாதிரி வெச்சு விடுங்க" என்று வரிசையில் நின்றார்கள். அதற்கு 'மாஸ்டர் கட்டிங்' என்று பெயரே வந்துவிட்டது. எதிர்க்கடைகூட முயன்று பார்த்தார். கை நன்றாக எட்டியதால் அவருக்கு அது சரியாக வரவில்லை.

மாஸ்டரின் மனைவி மட்டும் சந்தோஷப்படவில்லை. தலைவழியாகப் போடும் பனியனை அவர் விட்டுவிட்டார், பொத்தான் வைத்த சட்டைதான் கேட்கிறார், அலமாரியின் மேல்தட்டை எட்டிப்பார்ப்பதே இல்லை, பகலில் உட்கார்ந்தபடியே தூங்குகிறார் என்று என்னிடம் குறைப்பட்டார். "சோம்பேறி ஆயிட்டீங்கன்னு திட்டுறேன் சார். திட்டினா சண்டைக்கு வரணும்ல? வர மாட்டேங்கறாரு. அதான் பயமா இருக்கு."

ஒரு மழைநாள் மத்தியானம் கடையில் நான் மட்டும் இருந்தேன். மூலையைப் பார்த்தேன். சக்கர நாற்காலிமேல் துண்டுகள் இல்லை; சக்கர அச்சில் புது எண்ணெய் மினுமினுத்தது. மாஸ்டர் என் பார்வையைக் கவனித்துவிட்டார். பெஞ்சிலிருந்து தொடையில் கையை ஊன்றி, தன் உடம்பின்மேல் தானே ஏறுவதுபோல எழுந்தார். கதவைச் சாத்திவிட்டுக் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டினார். கெண்டைக்கால் திரண்டு, கல்லாக இருந்தது.

"பாருங்க சார். அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

உடனே மருத்துவரிடம் போகலாம் என்றேன்.

"போனா பேர் வெச்சிருவாங்க சார். பேர் வைக்காத வரைக்கும் இது வெறும் அசதி."

"பேர் வெக்காட்டி மட்டும் நோய் போயிடுமா மாஸ்டர்?"

"போகாது. ஆனா பொண்ணு முழுகாம இருக்கா. இது குடும்பத்துல இருக்குன்னு இப்பத் தெரிஞ்சா அவ ராத்திரி தூங்குவாளா? அண்ணனோட போச்சுன்னு நெனைச்சுட்டு இருக்கா. குழந்தை பொறக்கட்டும். அதுவரைக்கும் நாற்காலியே இறங்கலைன்னு இருக்கட்டும்."

யாரிடமும் சொல்லக்கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் கேட்டார். எத்தனையோ கன்னங்களில் ஒரு கீறல் போடாத கை அது. பிடியில் பலமே இல்லை. சத்தியம் செய்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். அவர்மேல் கோபமும் அவருக்காக அழுகையும் ஒன்றாக வந்தன.

அந்த மாதம் எதிர்க்கடையில் உட்கார வேண்டியது மாஸ்டரின் முறை. துணைக்கு வரச்சொல்லி என்னைக் கேட்டார். தெருவைக் கடப்பதற்குத் துணை கேட்கிற ஆளில்லை அவர். நாற்காலியிலிருந்து எழுந்திருக்க ஒரு கை வேண்டும், அது எதிர்க்கடையின் கையாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு பழைய பத்திரிகையைப் புரட்டினேன். அங்கும் பேச்சில்லை. முடிவெட்டு முடிந்தது. எதிர்க்கடை நாற்காலியைச் சாய்த்து, நுரை போட்டு, கத்தியைத் திறந்தார். மோவாய்க்குக் கீழே இறங்கிய கத்தி ஓர் இடத்தில் நின்றது. கொஞ்சம் ஏறி, மறுபடி இறங்கியது. கத்தியை வைத்துவிட்டு நுரையைத் துடைத்தார். தொண்டைமேல் விரலை வைத்துத் தடவினார்.

"இது என்ன மேடு?"

பத்திரிகை என் கையிலிருந்து நழுவியது. அண்ணன் காலத்துக்குப் பிறகு இந்த இருவருக்குள் விழுந்த முதல் வார்த்தை அது. மாஸ்டர் கண்ணைத் திறக்கவில்லை.

எதிர்க்கடை கண்ணாடியைப் பார்த்துப் பேசினார். "எதிர்ல இருந்து தினம் பார்க்கிறேன். கை ஏறல. நாற்காலிய இறக்குற. ரேடியோவத் தொட மாட்டேங்கற. நீ என்ன நெனைச்சுட்டு இருக்கேன்னு எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் நெனைச்சேன்." கையைத் துண்டில் துடைத்தார். "ஆனா அண்ணனுக்குக் கடைசிவரைக்கும் தொண்டை வழவழன்னு இருந்துச்சு. படுக்கையில கிடந்தப்ப நீ கடையில இருக்கிற நேரமாப் பார்த்துப் போய் சவரம் பண்ணிட்டு வந்தது நான்தான். அண்ணி உன்கிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க. இது அண்ணனுக்கு வந்தது இல்ல, வேற என்னமோ. போய்க் காட்டு."

மாஸ்டரின் மூடிய கண்ணோரத்தில் ஈரம் தெரிந்தது. நுரைத் தண்ணீர் என்றும் சொல்லலாம், நான் சொல்ல மாட்டேன். எழுந்திருக்க நான் கை நீட்டுவதற்குள் எதிர்க்கடையின் கை அவர் கக்கத்துக்குள் போயிருந்தது. மாஸ்டர் உதறவில்லை.

எங்கள் தெருவின் அத்தனை தொண்டைகளையும் தடவித் தெரிந்துவைத்திருந்த மனிதர், தினமும் காலையில் தன் தொண்டையின்மேல் தானே கத்தியை ஓட்டியிருக்கிறார். மேடு கைக்குத் தெரியவில்லை. அவருடைய கவனமெல்லாம் கெண்டைக்காலில் இருந்தது.

மருத்துவமனைக்கு மாஸ்டர், அவர் மனைவி, நான் மூவரும் போனோம். மருத்துவர் அம்மா இளம் வயது, அதிகம் பேசாதவர். கையைத் தூக்கச் சொன்னார். காது வரை வந்து நின்றது. குந்தி எழச் சொன்னார், எழ முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே சிறு சுத்தியால் தட்டினார். கால் துள்ளி எழும்பி, யோசித்து யோசித்துக் கீழே இறங்கியது. பிறகு மாஸ்டருக்குப் பின்னால் போய் நின்று, இரண்டு கைவிரல்களையும் தொண்டையில் வைத்து, "எச்சிலை முழுங்குங்க" என்றார்.

"நம்ம தொழில்காரங்க மாதிரியே பின்னாடி நிக்கிறாங்களே" என்று மாஸ்டர் என்னிடம் கிசுகிசுத்தார். பயத்திலும் அவருக்குப் பேச்சு வந்ததில் எனக்குப் பாதி உயிர் திரும்பியது.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று மருத்துவர் அம்மா நிதானமாகச் சொன்னார். "தசை பலவீனம் இருக்கு. ஆனா அது தசையோட சொந்த நோய் இல்ல. கழுத்துல தைராய்டு சுரப்பி வேலை செய்யல. அதனால உடம்பு முழுக்க எல்லாமே மந்தம். குளிர், தூக்கம், குரல், கால் பருத்தது எல்லாம் அதோட வேலைதான். மோட்டார் நல்லா இருக்கு, கரண்ட்தான் கம்மியா வருது. இப்படி வேற நோயால தசை தளர்றது நிறையப் பேருக்கு உண்டு. தைராய்டுன்னு இல்ல, சில பேருக்கு சிறுநீரகம், சில பேருக்கு வருஷக்கணக்கா சாப்பிடுற மாத்திரைகூடக் காரணமா இருக்கும். காரணத்தைச் சரி பண்ணினா தசையும் பெரும்பாலும் திரும்பி வரும். மெதுவாத்தான் வரும், மாசக்கணக்காகும்."

மாஸ்டர் கேட்டது இரண்டே இரண்டு. "அப்ப எங்க அண்ணனுக்கு வந்தது?"

"அதுக்கான அடையாளம் எதுவும் இல்ல. உங்களுக்கு வந்தது வேற."

"என் பொண்ணுக்கு?"

"தைராய்டு கோளாறு குடும்பத்துல வரலாம். கர்ப்பமா இருக்கிறவங்களுக்கு எப்படியும் பார்க்கணும், ஒரு ரத்தப் பரிசோதனை போதும். வந்தாலும் ஒரு சின்ன மாத்திரைதான். அதுக்குப் போய் யாரும் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம்."

மாஸ்டரின் மனைவி தலையில் கைவைத்துக்கொண்டார். "அண்ணன் நோயின்னா நெனைச்சீங்க? இத்தனை நாள் உள்ளுக்குள்ளயே வெச்சுட்டுக் குளிருது குளிருதுன்னீங்களே, பாவி மனுஷா." அங்கேயே, மருத்துவர் முன்னாலேயே, மனதாரத் திட்டினார். மாஸ்டர் மெதுவாகத்தான் என்றாலும் சண்டைக்கு வந்தார். அதைக் கேட்டபோதுதான் அந்த அம்மாளுக்கு அழுகை வந்தது.

காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. அவ்வளவுதான் வைத்தியம். முதலில் திரும்பி வந்தது மின்விசிறி. பிறகு ஒரு சவரத்துக்கு இரண்டு சண்டை என்ற பழைய கணக்கு. மகளுக்கும் பரிசோதனை ஆனது. ஒன்றுமில்லை, பேத்தியும் பிறந்து வீல் என்று கத்துகிறாள். ஒரு நாள் மாட்டுக்குக் கோமாரி தடுப்பூசி போடும் பக்குவத்தை வானொலி விளக்கிக்கொண்டிருந்தபோது, மாஸ்டர் பேச்சை நிறுத்தாமலே கையை உயர்த்தி நிலையத்தைத் திருகினார். பாட்டு வந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் மாஸ்டரின் கையையே பார்த்தோம். திரும்பி எங்களைப் பார்த்து, "என்ன சார், மாட்டுச் செய்தி வேணுமா" என்றார். மூலையில் சக்கர நாற்காலிமேல் துண்டுகள் மறுபடி ஏறியிருந்தன.

கல்லூரிப் பையன்கள்தான் மனமுடைந்துபோனார்கள். உச்சியிலும் கத்தரி விழ ஆரம்பித்ததும், "பழைய மாஸ்டர் கட்டிங்தான் வேணும்" என்று தகராறு செய்தார்கள். "அது இனிமே வராதுப்பா. அதுக்குத் தனியா வியாதி வேணும்" என்று அனுப்பிவிட்டார்.

போன வாரம் விடுமுறை நாள், எதிர்க்கடை இங்கே வந்து உட்காரும் முறை. நான் பெஞ்சில் இருந்தேன். இருவரும் வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை. சமாதானம் என்று ஒன்றும் நடந்ததாகத் தெரியவில்லை. எதிர்க்கடை நல்ல உயரம். மாஸ்டர் நாற்காலியை மிதித்து மிதித்து ஏற்றினார். அந்தத் தலை இவர் தலைக்கு மேலே போனது. வேண்டுமென்றேதான். பிறகு கையை நீட்டி, முழங்கை எதிலும் ஊன்றாமல், உச்சிமுடியைச் சாவகாசமாக வெட்டினார். வெட்டியது போதும் என்ற பிறகும் கொஞ்சம் வெட்டினார்.

நாற்காலியை இறக்கிச் சாய்த்தார். நுரை போடவில்லை, கத்தியை எடுக்கவில்லை. எதிர்க்கடையின் தலைக்குப் பின்னால் போய் நின்று, இரண்டு கைவிரல்களையும் அந்தத் தொண்டையில் மெல்ல வைத்தார்.

"முழுங்கு" என்றார்.

எதிர்க்கடை கண்ணை மூடிக்கொண்டு முழுங்கினார்.